எப்ப வருவே?

வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை, இரண்டு பக்கமும் ஜன்னல், நிற்காமல் தண்ணீர் வரும் குழாய். குறையெல்லாம் குடியிருந்தவளின் காலில். அது ஓரிடத்தில் நிலைகொள்ளாது. வந்த ஐந்து மாதத்தில் கட்டிலை நான்கு சுவர் ஓரமும் மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டாள். ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியை மட்டும் இன்னும் முழுசாகக் காலி செய்யவில்லை.

மூன்று வருஷத்தில் இது மூன்றாவது வாடகை வீடு. முதல் வீட்டைப் பூஞ்சணத்துக்குப் பயந்து காலி செய்தாள், இரண்டாவதை எறும்புக்குப் பயந்து. இங்கே இரண்டும் உண்டு. உப்பு ஜாடியைத் திறந்தால் தண்ணீர். துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரம். சரி, ஒழியட்டும் என்று அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வீட்டுக்காரம்மாவின் ஒரே ஒரு கேள்வி.

குடிவந்த மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. கீழே வாசலில் வீட்டுக்காரம்மா நின்றிருந்தாள். சும்மா தாண்டிப்போக மனசு வரவில்லை. தெரிந்த அரைகுறை உள்ளூர் பாஷையில், வார்த்தைக்கு வார்த்தை மாற்றி, "போயிட்டு வரேன்" என்றாள். நமக்கு அது வாயில் தானாக வருவது. அந்தப் பாஷையிலோ போகிறவர்கள் போகிறேன் என்பார்கள், அவ்வளவுதான். வீட்டுக்காரம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"எப்ப வருவே?"

இவள் கடிகாரத்தைப் பார்த்து, "ஆறரைக்கு" என்று சொல்லிவைத்தாள். சொல்லிவைத்தாளே, அதுதான் வினையாகப் போயிற்று.

அன்று சாயங்காலம் பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. அவள் வந்து சேர ஏழே முக்கால். கேட்டருகே குடையும் கையுமாக வீட்டுக்காரம்மா, முழங்கால் வரை தெப்பலாக நனைந்து நிற்கிறாள்.

"ஆறரைன்னு சொன்னே?"

"மழைம்மா. நீங்க எதுக்கு இங்க நிக்கிறீங்க?"

"வரேன்னு சொல்லிட்டுப் போனியே, பொண்ணே. யாராவது நிக்க வேணாமா?"

அன்றிலிருந்து இதே பாட்டு. காலையில் எப்ப வருவே, சாயங்காலம் வாசலில் ஆஜர். பத்து நிமிஷம் தாமதமானால் குற்றவாளி மாதிரி குனிந்துகொண்டு நுழைய வேண்டியிருந்தது. இவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பெண் நம் பாஷைக்காரி. அவளிடம் போய்க் கொட்டினாள்.

"பேசாம 'போறேன்'னு மட்டும் சொல்லிட்டுப் போயேன்க்கா. கேக்கவே மாட்டாங்க."

"அடிப்பாவி! வாயில வருமா அது? எங்கம்மா உயிரோட இருந்தா வாய் மேலயே ஒண்ணு போட்டிருப்பா."

சிரித்தார்கள். ஆனால் எரிச்சலுக்குக் காரணம் வேறு என்று இவளுக்குத் தெரியும். அந்தக் கேள்வி இவள் காதில் முன்பே விழுந்திருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஏர்போர்ட்டில், நாலு வயசு மகள் இவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா போயிட்டு வரேன்டா கண்ணு." "எப்ப?" "சீக்கிரம்." அதற்குப் பிறகு ஒரு வருஷம் போனை எடுத்தாலே எப்ப, எப்ப என்று குடைந்தது குழந்தை. அப்புறம் விட்டுவிட்டது. பழகிவிட்டாள் என்று நிம்மதிப்பட்டாள் இவள்.

இப்போது கைப்பையில் ஒரு கடிதம் கிடந்தது. ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியில் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருந்தால் லேப் முழுவதும் இவள் பொறுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். இவள் ஆசைப்பட்ட பதவிதான், பொய் சொல்லக் கூடாது. "ரெண்டு வருஷம்தானே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்று கணவனும் சொல்லிவிட்டான். ஆனாலும் நாலு நாளாகக் கடிதத்தை எடுப்பதும் வைப்பதும், ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, போட்டுவிடுவது என்று முடிவு பண்ணி, கிளம்புமுன் வீட்டுக்குப் போன் செய்தாள். மகள் எடுத்தாள். பல் விழுந்த கதை சொன்னாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"சரிடா, அம்மா வேலைக்குப் போயிட்டு வரேன்."

"சரிங்க. போயிட்டு வாங்க."

இவளுக்குச் சுருக்கென்றது. போனைக் கணவனிடம் கொடுக்கச் சொன்னாள்.

"என்னங்க, வாங்க போங்கங்கிறா?"

"ஸ்கூல்ல சொல்லிக்குடுத்திருக்காங்க. பெரியவங்ககிட்ட மரியாதையாப் பேசணும்னு."

"உங்ககிட்டயும் அப்படித்தான் பேசறாளா?"

அவன் மெதுவாகச் சொன்னான். "என்னைய வா, போன்னுதான்."

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்துபோகிற விருந்தாளிக்குச் சொல்கிற 'வாங்க' அது. வேறு யாராவது சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். கீழே இறங்கியவள் வீட்டுக்காரம்மா வாயைத் திறக்குமுன் கேட்டைத் தாண்டிவிட்டாள்.

அன்று கையெழுத்துப் போடாமலே கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். நிர்வாக அதிகாரி ஏன் என்று கேட்டார். இரண்டு மூன்று தடவை சொல்ல ஆரம்பித்து, கடைசியில், "வீட்ல என்னை வாங்கன்னு கூப்பிடறாங்க சார்" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு எந்தப் பாஷைக்காரருக்குத்தான் புரியும்?

சாயங்காலம் வாசலில் வழக்கம்போல் குடை.

"காலையில சொல்லாமலே ஓடிட்டே. நான் எத்தனை மணிக்குன்னு வந்து நிக்கிறது? நாலு மணியிலிருந்து நிக்கிறேன்."

"அம்மா..." என்று இழுத்தாள். பிறந்ததிலிருந்து எந்த வாசலிலும் சொல்லாத வார்த்தையை முழுங்கி முழுங்கிச் சொன்னாள். "நான் போறேன். மாசக் கடைசியில. எங்க ஊருக்கு."

"எப்ப வருவே?"

"வர மாட்டேன்மா."

வீட்டுக்காரம்மா குடையை மெல்ல மடக்கினாள். "அப்ப நான் நிக்க வேணாம்" என்றாள். ஒரு படி ஏறி, திரும்பிப் பார்த்தாள். "அங்க யாரு நிப்பாங்க?"

இவள் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் போன் செய்தாள்.

"அம்மா வரேன்டி."

"சரிங்க."

"ஒண்ணாம் தேதி. டிக்கெட் எடுத்தாச்சு. காலையில பத்தே காலுக்கு நம்ம வாசல்ல இருப்பேன்."

"விளையாட்டுக்குச் சொல்றீங்களா?"

"இல்லடி. பத்தே கால்."

"லேட்டாச்சுன்னா?"

"லேட்டாச்சுன்னா வாசல்லயே நில்லு. வந்துடுவேன்."

போன் தொப்பென்று எங்கோ விழுந்தது. சின்னக் கால்கள் ஓடுகிற சத்தம். வீடே அதிர ஒரு கத்தல்:

"அப்பா! அம்மா வர்றா! பத்தே காலுக்கு வர்றாளாம்!"

மரியாதை போன இடம் தெரியவில்லை. இவள் கட்டிலில் உட்கார்ந்து, கீழே வீட்டுக்காரம்மாவுக்குக் கேட்குமே என்றுகூடப் பார்க்காமல், ஓவென்று அழுதாள்.