நினிவேயின் முதலாளி

நாளை நீதிமன்றத்தில் காவலாளி வாயைத் திறந்தால் போதும். முதலாளி சொல்லித்தான் சட்டைத் தொழிற்சாலையின் பேக்கிங் அறைப் பின்கதவை வெளியே பூட்டினேன் என்று அவன் ஒருவன் சொல்லிவிட்டால், தீயில் போன ஒன்பது பெண்களுக்கும் நியாயம் கிடைத்துவிடும். அதில் ஒருத்தி காஜாக்காரியின் மகள். காஜாக்காரி இன்னமும் அதே தொழிற்சாலையில்தான் சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா அடிக்கிறாள். "எதுவரைக்கும், ஆண்டவரே?" என்று தீர்க்கதரிசிகள் கேட்டதையே மூன்று வருடமாக அவளும் கேட்கிறாள். அவர்களுக்காவது அவ்வப்போது பதில் வந்தது.

ஞாயிறு ஆராதனைக்கு முதலாளி, வேதாகமத்தில் மனந்திரும்பியவர்களைப் போல, சாக்கு உடுத்தி வந்தார். அளவெடுத்துத் தைத்த சாக்கு. இஸ்திரி மடிப்பு கலையவில்லை. உடம்பில் உறுத்தாமலிருக்க உள்ளே மல் துணி வைத்திருந்தது. தலையில் போட்டுக்கொள்ளச் சலித்த சாம்பலை டிரைவர் வெள்ளித் தட்டில் ஏந்தி வந்தார். மண்டியிட மெத்தை போட்டார்கள்.

"நான் பாவி!" என்று மைக்கில் அழுதார் முதலாளி.

"என்ன பாவம்? கதவைப் பத்திச் சொல்லுங்க!" பின்வரிசையில் காஜாக்காரி எழுந்துவிட்டாள்.

"சும்மா உக்காரும்மா. மனுஷன் எப்படி அழுவுறாரு பாரு" என்றாள் பக்கத்துப் பெண், தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு.

போதகருக்குப் பிரசங்கம் தானாக வந்து மடியில் விழுந்தது. "நினிவே பட்டணம் மனந்திரும்பிச்சு, கடவுள் அழிக்கல. யாருக்குக் கோபம் வந்துச்சு? அழிவு வரும்னு சொன்ன தீர்க்கதரிசி யோனாவுக்கு! ஏம்மா, நீங்களும் யோனா மாதிரி கோவிச்சுக்கலாமா?"

"நினிவேல யாரும் எரியலையே ஐயா. இங்க ஒன்பது பேர் எரிஞ்சாச்சே."

போதகர் பாடகர் குழுவைப் பார்த்தார். நாலு சரணப் பாட்டை அன்று இரண்டு முறை பாடினார்கள்.

வாசலில் காஜாக்காரி காவலாளியைப் பிடித்தாள். அழுது அழுது அவன் மூக்கு சிவந்திருந்தது.

"தம்பி, நாளைக்கு வந்துருவேல்ல?"

"வராம இருப்பேனாக்கா? ஆனா கடவுளே அவரை மன்னிச்சிட்டாரு. நடுவுல நான் யாருக்கா?"

"சாவி வச்சிருந்தவன்டா நீ."

"என்னையும் மன்னிச்சாச்சாம். போதகர் ஐயா இப்பத்தான் சொன்னாரு."

மறுநாள் அவன் கூண்டில் ஏறினான். வேதாகமத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தான். கதவு திறந்துதான் இருந்தது என்றான்.

"அப்புறம் ஏன் ஒருத்தரும் வெளியே வரல?" என்று கேட்டார் வக்கீல்.

காவலாளி கொஞ்சம் யோசித்தான்.

"நல்ல பிள்ளைங்க சார். ஷிப்ட் முடியாம வெளிய வரமாட்டாங்க."