குண்டு ‘ள’

இந்தத் தடவை நிஜமாகவே படுத்திருக்கிறார் என்று நினைத்தபடி, ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள் பூங்கொடி. உள்ளே கணவர் பக்தவச்சலத்தின் முகம் தெளிந்தது. விடியற்காலையில் நெஞ்சு வலி. ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே செங்கல்பட்டுத் தெருவில் அவருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். அப்போது அவர் உள்ளே தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏரி மண் லாரி லாரியாக மாமல்லபுரம் கரையோர மனைகளுக்குப் போவதைப் பத்திரிகையில் எழுதியதற்குக் கிடைத்த பதில்.

அவள் கதவைச் சாத்தச் சொன்னாள். அவர் கை கழுவிவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். போஸ்டரில் ‘செய்தியாலர்’ என்றிருந்தது. தன் சாவு அறிவிப்பின் முன்னால் நின்று ‘ல’வை அடித்து, மேலே குண்டு ‘ள’ எழுதினார். அடுத்த போஸ்டருக்கு நகர்ந்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அப்படியே போனாராம்.

“சாவடிக்கிறவனுக்கு எழுத்தாவது ஒழுங்கா தெரிய வேணாமா?” என்றார், திரும்பி வந்து.

அன்று சாயங்காலம் அவள் தனியாகப் போய் அந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். சுழியில் நடுக்கமே இல்லை. போனில் மிரட்டல் வந்த இரவுகளில் தாழ்ப்பாளை மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்த அவர் கையும் அதுதான். மகள் திவ்யா சிறுசேரிக்கு ஆபீஸ் கேப்பில் ஏறும்போது வண்டி நம்பரைப் படமெடுத்த கையும் அதுதான். கண்ணாடிக்குள் மார்மேல் கட்டிவைத்திருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பூங்கொடி, பேனர் கடைக்காரன் அனுப்பிகீறான் பாரு.” அண்ணன் தர்மராஜ் போனை நீட்டினான். சிரிக்கும் படத்துக்குக் கீழே பெயர். அதற்கும் கீழே ‘செய்தியாலர்’.

“அந்த வார்த்தைய எடுத்துட சொல்லட்டா? பேரு மட்டும் போதும்.” குரலைத் தாழ்த்தினான். “அந்த மண் லாரிக்காரன் ஆளுங்க டீக்கடையில குந்திகினு கீறானுங்க. திவ்யா எந்த ஆபீசுன்னு வெசாரிச்சானுங்களாம். மாப்ள போய்ட்டாரு. நீங்க ரெண்டு பேரும் இந்தத் தெருவுலதான இருக்கணும்?”

அவன் சொன்னதில் பொய் எதுவுமில்லை. பூங்கொடி மகளைப் பார்த்தாள். பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த திவ்யா மாமாவின் கையிலிருந்து போனை வாங்கி, அந்தச் சொல்லை விரல்களால் விரித்துப் பெரிதாக்கி, அம்மாவிடம் காட்டினாள். திரை முழுக்க ஒரே ஒரு ‘ல’.

“இன்னாம்மா, எடுத்துட சொல்றேன்?” என்றான் தர்மராஜ்.

கண்ணாடியில் மறுபடியும் ஈரம் படிந்திருந்தது. பூங்கொடி முந்தானையை எடுத்தாள்.

“அது குண்டு ‘ள’ண்ணா,” என்றாள் துடைத்துக்கொண்டே. “மாத்தி அடிக்கச் சொல்லு.”