ஒரு நீளம், ரெண்டு குட்டை

பீர்மேட்டில் பூட்டிக் கிடக்கும் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் தொண்ணூறுகளில் வாங்கிய ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பெரியம்மாளுக்கு வேண்டிய ஒரு வரி அதற்குள் கிடந்தது: அவள் அப்பா மொக்கையன் என்றைக்கு வேலைக்குப் பேர் பதிந்தார் என்பது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததென்று காட்டினால்தான் மகள் மௌனிகாவுக்குச் சாதிச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் நர்சிங் சீட் போய்விடும். காகிதப் பேரேட்டைக் கறையான் தின்று வருஷமாகிவிட்டது.

செல்போன் கடை ஜின்சன் ஸ்விட்சைப் போட்டான். திரை கறுப்பாகவே நின்றது. பெட்டி மட்டும் கத்தியது.

"செத்துருச்சுக்கா."

"செத்தது எங்கயாச்சும் கத்துமா? ஒரு நீளம், ரெண்டு குட்டை. நல்லாக் கேளு."

முப்பது வருஷம் ஃபாக்டரிச் சங்குக்கு எழுந்தவள் பெரியம்மாள். ஒரே சங்கு என்றால் வேலை. விட்டுவிட்டு ஊதினால் எங்கோ யாருக்கோ அடிபட்டிருக்கும்.

ஜின்சன் போனில் தேடினான். "படம் காட்டுற கார்டு போச்சுன்னு அர்த்தமாம்."

மறுநாள் குமுளியில் வாங்கி வந்த கார்டு உள்ளே இறங்கவில்லை. அது குட்டையான வெள்ளைக் குழிக்கானது. இங்கே இருந்தவையெல்லாம் நீளமான கறுப்புக் குழிகள்.

"செருப்பு வாங்கப் போறவன் கால வீட்ல வச்சுட்டா போவான்?" என்றார் மிக்கேல். பழைய கணக்கப்பிள்ளை, கம்பெனியில் கேட்டு ஆபீஸ் சாவியை மூன்று நாளைக்கு வாங்கி வந்தவர்.

கொழுந்து கிள்ளும்போது செடிமேல் மட்டம் வைக்கிற கம்பை எடுத்து, குழியின் நீளத்துக்கு ஒடித்துக் கொடுத்தாள் பெரியம்மாள். அதை வைத்துத் தேனியில் ஒரு காயலான் கடையில் அரைநாள் துழாவினான் ஜின்சன். மூன்றாம் நாள் காலை கார்டு கச்சிதமாக உட்கார்ந்தது. பெட்டி ஒருமுறை கத்தி அடங்கியது.

"ஒரே சங்கு. வேலைக்கு வந்துருச்சு" என்றாள்.

திரை இன்னும் கறுப்பு. ஜின்சன் பின்பக்கம் குனிந்து பார்த்தான். திரையின் வயரில் ஒன்பது ஊசி. புதுக் கார்டில் பதினைந்து ஓட்டை.

"நீளத்த அளந்தோம். ஓட்டைய எண்ணாம விட்டுட்டோம்."

பெரியம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாளாகக் கொழுந்துக்குப் போகவில்லை. திட்டக்கூடத் தெம்பில்லை.

ஜின்சன் வெளியே போனான். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு திரையைச் சுமந்துகொண்டு வந்தான். மாதா கோயில் கேமராவுக்கு வைத்திருந்தது, வயரில் பதினைந்து ஊசி.

"ஃபாதர் கேக்கலையா?" என்றார் மிக்கேல்.

"கேட்டாரு. உண்டியல ரெண்டு நாளைக்கு மாதாவே பாத்துக்கிடட்டும்னேன்."

திரை விழித்தது. மிக்கேல் ஒரே விரலால் தட்டித் தட்டித் தேடினார்.

"மொக்கையன். பன்னெண்டு, ஆறு, நாப்பத்தொம்பது."

"இன்னொருக்கா படிங்க."

படித்தார்.

பிரிண்டர் ஓடவில்லை. வில்லேஜ் ஆபீசுக்குப் போன் போட்டார்கள். போட்டோ செல்லாது, நாளை பத்து மணிக்கு நேரில் வந்து பார்க்கிறேன் என்றார் ஆபீசர். ஜின்சன் ஸ்விட்சில் கை வைத்தான்.

"கைய எடுடா. அணைச்சா திரும்ப எந்திரிக்குமோ என்னமோ" என்றாள் பெரியம்மாள்.

"எனக்கு இன்னிக்கிச் சாவியத் திருப்பிக் குடுக்கணும்" என்றார் மிக்கேல்.

"பூட்டிக் குடுத்துட்டுப் போங்க, காலைல வாங்கிட்டு வந்து தெறங்க. நான் உள்ளயே இருக்கேன்."

"கரண்டு போனா?"

"வந்ததும் போடுவேன். என்ன சொல்லுதுன்னு கேக்க எனக்குக் காது இருக்கு."

தலைத்துண்டை அவிழ்த்துச் சுருட்டி முதுகுக்குக் கொடுத்து, திரைக்கு எதிரே சுவரில் சாய்ந்தாள்.