‘வெயிட்’டுக்கு ஒரு எடுத்துக்காட்டு

திங்கட்கிழமை காலை ‘வெயிட்’ என்ற வினைச்சொல்லுக்கு வந்து சேர்ந்தோம். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கிலம்–தமிழ் அகராதி. நான்கு வருட வேலை. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், அது பிறந்த கதை, பயன்படும் விதம், கடைசியில் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம், இவ்வளவையும் எழுதுவது நான். எழுதியது அச்சகம் போய் அச்சுப்படியாகத் திரும்பி வந்ததும் என் கையெழுத்துப் பிரதியை எதிர்மேசைக்காரர் உரக்க வாசிப்பார். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அச்சுப்படியில் பென்சிலை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எங்களுக்குள் நடந்த பேச்சு ஏறக்குறைய இது மட்டும்தான். இந்தக் குரலைக் கேட்கத்தான் தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறேன் என்று சொன்னால் அண்ணி சிரிப்பாள். அண்ணன் வீட்டு மாடியறையில் குடியிருக்கும் நாற்பத்து நான்கு வயதுக்காரி வேறு என்ன சொன்னாலும் அவள் சிரிக்கத்தான் செய்வாள்.

அவருக்கு ஐம்பத்தொன்று. மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே மகள் வெளியூரில் இருக்கிறாள். இந்தச் சனிக்கிழமையோடு அகராதி முடிகிறது; ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் வீட்டோடு போய்விடுகிறார். டிக்கெட் எடுத்தாயிற்று என்பதை இரண்டு வாரம் முன்பு, டீ குடிக்கும் நேரத்தில், எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். சொல்லும்போது சுவரைப் பார்த்தார். எனக்குச் சொன்னாரா சுவருக்குச் சொன்னாரா என்று வீடு போய்ச் சேரும்வரை யோசித்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம்தான் ‘வெயிட்’டை எழுதினேன். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த சொல். ஆதியில் அதற்குக் காவல் பார்ப்பது, கண்விழித்துக் கவனிப்பது என்றுதான் பொருள். எதையோ எதிர்பார்த்துச் சும்மா உட்கார்ந்திருப்பதெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டது. படித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். நாமும் ‘காத்திரு’ என்றுதானே சொல்கிறோம்? காப்பதும் காத்திருப்பதும் நமக்கும் ஒரே வேர்தான். இரண்டு மொழிக்காரர்களும் கலந்து பேசிக்கொண்டு வைத்ததில்லை. காத்திருந்து காத்திருந்து தாங்களாகவே கண்டுபிடித்திருப்பார்கள். சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷமே அழுகை வந்தது. யாரும் கேட்டு வராத ஒரு பொருளுக்கு நான்கு வருடம் காவல் இருந்திருக்கிறேன். கூடவே கோபமும் வந்தது, அவர் மேலும் என் மேலும்.

எடுத்துக்காட்டு எழுத எங்களுக்குச் சில விதிகள் உண்டு. ‘நான்’, ‘நீ’ வரக்கூடாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிய வேண்டும். யாராவது பஸ்ஸுக்காகக் காத்திருந்தாலே போதும். அந்தக் கோபத்தில் நான் இப்படி எழுதி அனுப்பினேன்: “அவர் கேட்பார் என்று அவள் நான்கு வருடங்களாகக் காத்திருக்கிறாள்.” விதிப்படி யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அனுப்பிய பிறகு தூக்கம் போய்விட்டது. திருப்பி வாங்கி பஸ்ஸைப் போட்டுவிடலாமா என்று பத்துத் தடவையாவது நினைத்திருப்பேன். நினைத்ததோடு சரி.

இன்று அவர் வாசித்தார். பொருளும் பிறப்பும் தடையில்லாமல் போயின. பயன்பாட்டில், உணவகத்தில் பரிமாறுவதற்கும் இதே சொல் என்ற இடத்தில் ஒரு எழுத்துப் பிழையைக்கூடப் பிடித்தோம். பிறகு எடுத்துக்காட்டு. “அவர் கேட்பார் என்று” வரைக்கும் எப்போதும் போலத்தான் இருந்தார். “அவள்” என்றதும் குரல் இறங்கியது. மீதியை எனக்கே கேட்காத அளவுக்கு வாசித்து முடித்து, தாளை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். வேறு யாரும் அறையில் இல்லை.  வாக்கியம் நீளம், இடம் பத்தாது என்று சொல்லி அடித்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அடித்துவிட்டால் மறுபேச்சில்லாமல் பஸ்ஸை எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

“நாலு வருஷமும் அவருக்குத் தெரியாம இருந்த மாதிரி எழுதியிருக்கீங்க, டீச்சர்,” என்றார். முன்பு நான் பள்ளியில் வேலை பார்த்தவள் என்பதால் அப்படித்தான் கூப்பிடுவார். “ரெண்டாவது வருஷமே தெரியும்.”

 தெரிந்துமா கேட்கவில்லை என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

“கேட்டு, நீங்க இல்லைன்னுட்டா, மிச்ச எழுத்தெல்லாம் யார்கூட வாசிக்கிறது?”

அவர் சொன்னது சரிதான் என்பதுதான் என்னை அறுத்தது. நானும் அதே பயத்தில்தான் வாயைத் திறக்காமல் இருந்தேன். ஒரே பொருளை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று காவல் காத்திருக்கிறோம்.

“ஞாயித்துக்கிழமை போகாதீங்க,” என்றேன். சொன்ன பிறகுதான் என் குரல் எவ்வளவு சின்னதாக வந்தது என்று தெரிந்தது.

அவர் தாளை ஓரமாக நகர்த்தினார். எழுந்து அலமாரிப் பக்கம் போனார். மேல்தட்டில் கையை விட்டு, நான்கு வருடத்துக்கு முன் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு மூடிவைத்த ‘ஏ’ என்ற முதல் எழுத்தின் தாள்கட்டை இறக்கிக் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து கயிற்று முடிச்சை நகத்தால் நெம்பத் தொடங்கினார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. “இதை மறுபடி முதல்ல இருந்து வாசிக்கணும், டீச்சர்,” என்றார். நான் பென்சிலை வைத்துவிட்டு இந்தப் பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.