ஆரம்ப நிலை

மகளுக்குப் பேச்சு வர வழி கேட்கப் போன டில்லிபாபு, அவளுக்குத் தோளில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். நர்ஸம்மாவின் மேல் தப்பில்லை. அங்கன்வாடி மங்களம் டீச்சர் போனில், “பூந்தமல்லியில ஆரம்ப நிலை பயிற்சி மையம்னு ஒண்ணு கீது, புள்ளைய அங்க இட்டுகினு போ” என்று சொன்னபோது, அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். மெஷின் தட்டிய தட்டில் ‘ஆரம்ப’வும் ‘நிலை’யும் மட்டும்தான் காதில் விழுந்தன. மிச்சத்தை அவனே போட்டு நிரப்பிக்கொண்டான். ஆரம்ப சுகாதார நிலையம். கைக்குழந்தைகளோடு பெண்கள் நின்ற வரிசையில், ஐந்து வயது கவிப்பிரியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் ஒருத்தன் மட்டும் பேன்ட் சட்டையில் நின்றான். முறை வந்தது. “என்னப்பா விஷயம்?” என்றார் நர்ஸம்மா. வரிசை முழுக்க அவன் வாயைப் பார்த்தது. என் பொண்ணுக்குப் பேச்சு வரலை என்கிற நாலு சொல் தொண்டை வரை வந்து, அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

“ஊசிதான்” என்றான்.

நர்ஸம்மா அட்டையைப் புரட்டி, “அஞ்சு வயசு ஊசி. கரெக்டா ஞாபகம் வச்சு வந்துட்டியே!” என்று பாராட்டி வேறு அனுப்பினார்.

“ஊசியா?” என்றாள் அவன் மனைவி சுவேதா, மகளின் வீங்கிய தோளில் ஈரத்துணியை வைத்துக்கொண்டே. “பேசறதுக்கு இன்னா வழின்னு கேட்டுகினு வான்னா, ஊசி போட்டுகினு வந்து நிக்கிறே?”

“கவர்மென்ட்டு ஊசிடி. நாளைக்கே உன்னாட்டம் கத்த ஆரம்பிச்சுருவா பாரு.”

வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் சுவேதா சிரித்துவிடுவாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. “சனிக்கிழமை நீயே மறுபடியும் போ. உன் வாயாலயே கேட்டுகினு வா. ஜோக்கடிச்சுட்டு வந்தே, ஊட்டுக்குள்ள சேக்க மாட்டேன்” என்றாள்.

அவனுக்குப் பயம் வந்தால் ஜோக்கு வரும். மற்றவர்களுக்கு வேர்க்கிற மாதிரி. கம்பெனியில் யாராவது, “பொண்ணு பேசுதா மாமே?” என்று கேட்டால், “எங்கூட்ல சுவேதா ஒருத்தி பேசறதே மூணு பேருக்கு வரும், அவ எங்க நடுவுல பூர்றது?” என்பான். எல்லாரும் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அவனும் சிரித்துவிட்டு, கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பான். நூம்பலில் இருக்கும் அவன் அம்மா பார்வதம், “உங்க அப்பனே அஞ்சு வயசுலதான்டா பேசினான்” என்று தைரியம் சொல்லிவந்தாள். கவிப்பிரியாவுக்கு ஐந்து முடிந்ததும் அப்பா பேசிய வயது ஆறாயிற்று. போன வாரம் ஏழு. மனிதர் இந்த வேகத்தில் போனால் கல்யாணப் பந்தலில்தான் முதல் வார்த்தை பேசியிருப்பார். அங்கே போகும்போதெல்லாம் பார்வதம் பேத்தியின் நாக்கில் வசம்பைச் சுட்டு உரசித் தடவுவாள். அதை வசம்பு என்று விளக்கு வைத்த பிறகு சொல்லக்கூடாதாம், ‘பேர் சொல்லாதது’ என்றுதான் சொல்ல வேண்டுமாம். அந்தக் குடும்பத்தில் பேர் சொல்லாதது இப்போது இரண்டாகியிருந்தது.

சனிக்கிழமை பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் இறங்கினான். கவிப்பிரியா மஞ்சள் கவுனில், மெட்ரோ வேலைக்காக எங்கோ துளை போடும் சத்தம் வரும் பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். சத்தம் போடுகிற எதிலும் அவளுக்குக் காதை ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். வாஷிங் மெஷின், மாவு மில் சுவர், தண்ணீர் மோட்டார், எல்லாம். ஆனால் ‘கவிப்பிரியா’ என்கிற சத்தம் மட்டும் அவளை ஒன்றும் செய்யாது. அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள்.

டீக்கடையில் விசாரித்தான். “ஆரம்ப நிலை பயிற்சி மையம் எங்க கீது, அண்ணாத்தே?”

“டைப்ரைட்டிங்கா? யாருக்கு, உனுக்கா?” என்றார் டீ மாஸ்டர்.

“ஆமா, எனுக்குத்தான். இப்பதான் ஆரம்ப நிலை. நீ வேணா பாரு, அடுத்த வருசம் கலெக்டரு!”

டீ மாஸ்டர் சிரித்தார். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். டில்லிபாபுவும் சிரித்துக்கொண்டே, மங்களம் டீச்சர் அனுப்பிய முகவரியைக் காட்ட இரண்டு கையாலும் போனைப் பிடித்தான். அப்புறம்தான் இடது கையில் ஒன்று இருந்ததே என்று தோன்றியது. குனிந்து பார்த்தான். இல்லை.

பெஞ்சுக்குக் கீழே இல்லை. கடைக்குப் பின்னால் இல்லை. “கவீ!” என்று கத்தினான். கத்தும்போதே அது வீண் என்று தெரிந்தது. தெரிந்தும் கத்தினான், வேறு என்ன செய்வது? ஒரு பூக்காரம்மா கூடையை விட்டுவிட்டு எழுந்து, “இன்னா பேரு நைனா?” என்றாள். சொன்னான். அவள் கத்தினாள். டீ மாஸ்டர் கத்தினார். பழக்கடைக்காரர்கள், காலேஜ் பெண்கள், யார் யாரோ கத்தினார்கள். அவன் மகளின் பெயர் அந்த பஸ் ஸ்டாண்டு முழுக்க இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்வந்தது. அத்தனை பேரில் எந்தக் குழந்தை திரும்பிப் பார்க்கிறது என்றுதான் எல்லாரும் தேடினார்கள். திரும்பிப் பார்க்காத ஒன்றைத் தேடச் சொல்லி அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பஸ் விசில் சத்தத்தோடு பின்னோக்கி வந்தது. இன்னொன்று திரும்பியது. அவற்றுக்கு அந்தப் பக்கம் ட்ரங்க் ரோட்டில் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

ஒரு கண்டக்டர் அவன் கையைப் பிடித்து பஸ் நேரம் அறிவிக்கும் டைம் ஆபீசுக்கு இழுத்துப் போனார். மைக் முன்னால் இருந்தவர் ஸ்விட்சைத் தட்டிவிட்டுக் கேட்டார்: “கொழந்தைக்கு அப்பா பேரு, ஊரு சொல்லத் தெரியுமா?”

டில்லிபாபு வாயைத் திறந்தான். பழக்க தோஷம், ஜோக்கு ஒன்று முன்னால் வந்து நின்றது. அதைத் தள்ளிவிட்டு மற்றது வந்தது.

“சார், எம் பொண்ணுக்குப் பேச்சு வராது சார். காது கேக்கும், ஆனா பேரச் சொல்லிக் கூப்ட்டா திரும்ப மாட்டா. எல்லாரும் கூப்புடறாங்க சார், கூப்ட்டா வர மாட்டா! மஞ்ச கவுனு. எங்கனா சத்தம் வர்ற எடத்துல காத வச்சுகினு நிப்பா. வண்டி கிண்டி கீது சார்...”

சொல்லி முடித்த பிறகுதான், தன் குரல் வெளியே கம்பத்துக்குக் கம்பம் கேட்டது அவனுக்கு உறைத்தது. மைக் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாளாகச் சொந்த அண்ணனிடம்கூடச் சொல்லாததை அவன் மொத்த பூந்தமல்லிக்கும் அறிவித்திருந்தான். வெட்கப்பட நேரமில்லை. வெளியே கூப்பிடுகிற சத்தம் அடங்கியிருந்தது. எல்லாரும் தேட ஆரம்பித்திருந்தார்கள்.

மைக்கைக் கேட்டவர்களில் ஒருத்தி, அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கிய ஆக்னஸ். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், தகரத்தில் கன்னத்தை ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்ற மஞ்சள் கவுனை அவள்தான் பார்த்தாள். டிரைவருக்குக் குடையை ஆட்டி வண்டியை நிறுத்தச் சொன்னாள். டில்லிபாபு ஓடிவந்து சேர்ந்தபோது, ஐம்பது வயது தாண்டிய அந்த அம்மாள் நல்ல புடவையோடு தார்த் தரையில் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“பிடிச்சு இழுத்தா வண்டிக்கடியில ஓடிடுவாளோன்னு பயமா இருந்துச்சு தம்பி. அதான் சும்மா உட்கார்ந்தேன்” என்றாள். மகளை அள்ளிக்கொண்டு அவன் அழுததைப் பார்த்து டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னாலேயே ஓடிவந்த டீ மாஸ்டர், இவர் ஆரம்ப நிலை பயிற்சி மையத்தைத் தேடி வந்தவர் என்று அவளிடம் சொன்னார். “வாங்க. நீங்க தேடி வந்த இடத்துலதான் நான் டீச்சர்” என்றாள் ஆக்னஸ்.

மையம் ஒரு சந்துக்குள் இருந்த பழைய வீடு. கூடத்தில் ஐந்தாறு பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் அவர்களின் அம்மாக்கள். ஒருத்தி மகனின் வாயைத் துடைத்தபடியே இவனைப் பார்த்துத் தலையசைத்தாள், தெரிந்தவனைப் பார்ப்பதுபோல. கவிப்பிரியா கொஞ்ச நேரம் பாயில் இருந்துவிட்டு, வாசலில் செருப்புகள் குவிந்திருந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். ஆக்னஸ் கொடுத்த தண்ணீரை டில்லிபாபு சட்டையில் பாதி, வாயில் பாதியாகக் குடித்தான்.

“டீச்சர், ஒண்ணு கேக்கறேன். மழுப்பாம சொல்லுவீங்களா?”

“கேளுங்க.”

“எல்லாரும் பாக்கலாம் பாக்கலாங்கறாங்க. டாக்டரு டைம் ஆகும்ங்கறாரு. எங்கம்மா ஏழு வயசுங்குது. அவ எப்ப பேசுவா?”

ஆக்னஸ் வாசலில் இருந்த குழந்தையைப் பார்த்தாள், பிறகு அவனை.

“தெரியாது தம்பி. பேசலாம். பேசாமலே போகவும் போகலாம். நாளைக்கு யாராவது இன்ன மாசம் பேசுவான்னு சொன்னா நம்பாதீங்க. ரோட்டைப் பார்த்தா நிக்கிறதுக்குப் பழக்கலாம், அதைத்தான் முதல்ல ஆரம்பிப்பேன். அதுவும் உடனே வராது. வாரத்துல மூணு நாள் வரணும். நீங்களும் கூட உட்காரணும், அம்மாவை மட்டும் அனுப்பக் கூடாது.”

அவன் தலையாட்டினான். ஜோக்கு ஒன்றும் வரவில்லை.

வாசலில் கவிப்பிரியா, இரும்புப் பட்டை வைத்த ஒரு சின்ன ஷூவை நகர்த்திவிட்டு, யாருடையவோ பெரிய ரப்பர் செருப்பில் இரண்டு காலையும் விட்டாள். எழுந்தாள். தரையோடு தரையாகச் செருப்பை இழுத்துக்கொண்டு, சந்துப் பக்கமாக ஒரு சாண் திறந்திருந்த கேட்டை நோக்கி நடந்தாள். அவன் அவளைக் கூப்பிடவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, அவளுக்குப் பின்னால் வேகமாக நடந்தான்.