பதினேழாம் அத்தியாயத்துச் சாம்பல்

நெறியாளர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் முதல் பக்கத்தில் இருந்தது. அவரோ நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார். மணி நான்கு பத்து. கீழ்த்தளத்தில் ஆய்வேடுகளை வாங்கிப் பதிவு செய்யும் அலுவலகம் ஐந்து மணிக்குக் கதவை அடைத்துவிடும். இன்று விட்டால், எதிரே நின்றிருந்த அவளுடைய முனைவர் பட்டப் பதிவே காலாவதி. மூன்று முறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. நான்காவது முறை கிடையாது என்று அலுவலக எழுத்தர் போன மாதமே கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆறு வருடம். பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்தி, கட்டுக் கட்டாகத் தாள் திருத்தி, மிஞ்சிய நேரத்தில் எழுதிய ஆய்வேடு. ஒவ்வொரு அத்தியாயத்தையும் கொண்டுவந்து நீட்டியபோதெல்லாம் "பாத்தாச்சும்மா, நல்லா வந்திருக்கு" என்று சொல்லி அனுப்பியவர் நெறியாளர். ஒரு வரிகூடப் படித்திருக்கவில்லை என்பது இப்போதுதான் வெட்டவெளிச்சமாகிறது. பைண்டு செய்த ஆய்வேட்டைக் கையில் வாங்கியவர் போகிற போக்கில் நான்கு தாளைப் புரட்டினார். இத்தனை வருடமாக எங்கேயும் நிற்காத கண், தன் பெயர் இருந்த அடிக்குறிப்பில் மட்டும் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"என்னம்மா இது?"

"உங்க புத்தகத்தப் பத்தின குறிப்பு சார். நாலாவது அத்தியாயம் குடுத்தப்பவே இருந்துச்சு."

அவள் எடுத்துக்கொண்டது விக்டோரியா ராணி காலத்து ஆங்கில நாவல் ஒன்றை. அதன் பதினேழாம் அத்தியாயத்தில், கணப்பு அடுப்பில் ஒரு கைப்பிடிச் சாம்பல் கிடக்கிறது. வீட்டு எஜமானிக்கு வந்த கடிதங்களின் சாம்பல். எரித்தது யார் என்று நாவல் சொல்லவில்லை. சொல்லாததற்காக அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக முட்டிக்கொள்கிறார்கள். புருஷன்தான் எரித்தான் என்பது ஒரு கட்சி, வேலைக்காரி என்பது இன்னொரு கட்சி. எஜமானியே தன் கையால் எரித்தாள், அதுதான் அவளுடைய விடுதலை என்று சொல்லிப் பேர் வாங்கியவர் நெறியாளர். எஜமானி கதவைத் தாழிட்டுவிட்டுக் கடிதங்களை ஒவ்வொன்றாக நெருப்பில் போடும் காட்சிக்கென்றே, இருபத்தைந்து வருடத்துக்கு முன் அவர் எழுதிய புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் உண்டு. அதை மேற்கோள் காட்டாதவர் இல்லை. அவளும் காட்டத்தான் போனாள். பக்க எண் வேண்டுமே என்று நாவலில் தேடினாள். நான்கு பதிப்புகளைப் புரட்டினாள். பத்திரிகையில் தொடராக வந்த முதல் வடிவத்தையும் வரவழைத்துப் பார்த்தாள். தாழிட்ட கதவும் இல்லை, நெருப்பும் இல்லை. கடைசியில் அந்த நாவலை வைத்து எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் காட்சி அகப்பட்டது. பெரிய மனுஷன் படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்கு விளக்கம் எழுதியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அவரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் குறிப்பை அவள் விழுங்கியிருக்கலாம். கணவன் அதைத்தான் சொன்னான். "அந்தம்மா எரிச்சாங்களோ இல்லையோ, ஆறு வருஷமா நம்ம வீட்லதான் புகையுது. விட்டுத் தொலையேன்" என்றான். ஆனால் அவளுடைய ஆய்வே அதில்தான் நின்றது. யாரென்று சொல்லாமல் விட்டதுதான் நாவலின் கெட்டிக்காரத்தனம், படம் வந்து பதில் சொன்ன பிறகு எல்லாரும் கேள்வியையே மறந்துவிட்டார்கள் என்பது அவள் கட்சி. அதை எடுத்துவிட்டால் அட்டையும் பொன்னெழுத்தும்தான் மிஞ்சும்.

"படத்துல மட்டும்தான் இருக்குன்னு எழுதியிருக்க" என்றார் நெறியாளர். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டுத் தொலைத்தாலாவது பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு.

"நாவல்ல இல்ல சார்."

"நான் படிச்சிருக்கேம்மா."

"எந்தப் பக்கம்னு காட்டுங்க சார். இங்கயே பேனாவால அடிச்சுத் திருத்திடறேன்."

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து தன் பிரதியை எடுத்துவந்தார். முதுகு கிழிந்து ஒட்டுப்போட்ட புத்தகம். மேசைமேல் ஆய்வேட்டின் மீது முழங்கையை ஊன்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பதினாறாம் அத்தியாயத்தை மூக்கருகே வைத்துப் படித்தார். அப்புறம் பதினெட்டு. அதன்பின் பத்தொன்பது. ஓரங்களிலெல்லாம் மாணவப் பருவத்தில் அவர் எழுதிய பென்சில் குறிப்புகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. கடிகாரம் நான்கு நாற்பதைத் தாண்டியது. கணவன் இரண்டு முறை அழைத்துவிட்டான். அவள் போனை அணைத்து வைத்தாள். எட்டிப் பிடித்து அந்தப் புத்தகத்தைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

கடைசியாகப் பதினேழாம் அத்தியாயத்துக்கு வந்தார். சாம்பல் வருகிற பத்தி. அதன் ஓரத்தில் மங்கிய பென்சிலில் ஒரே ஒரு சொல் இருந்தது, அடியில் இரண்டு கோடு போட்டு: "யார்?"

அவள் பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். அவருடைய பெருவிரல் மெதுவாக நகர்ந்து அந்தச் சொல்லின்மேல் படுத்தது.

கீழே எழுத்தர் மேசை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகப் பூட்டுவது கேட்டது.

அவள் பேனாவின் மூடியைக் கழற்றி அவர் பக்கம் நீட்டினாள். "சார், அடைச்சிடுவாங்க."

"இரும்மா" என்றார் அவர், நிமிராமலே. "முன்னாடி எங்கயோ வருது."

பெருவிரலை எடுக்காமல், மறு கையால் தாள்களைக் கொத்தாகத் தள்ளி முதல் அத்தியாயத்துக்குப் போனார். ஆய்வேட்டின் மேலிருந்த முழங்கை அசையவில்லை. நீட்டிய பேனா நீட்டியபடியே இருக்க, நாவலின் முதல் வரியை, புதிதாகப் படிக்கிறவரைப் போல, உதடு அசையப் படிக்கத் தொடங்கினார்.