அசல் முகப்பு

தன் மனைவியின் ஆபீஸ் ஜன்னல் கூலரை ஆட்கள் கயிறு கட்டி இறக்கியபோது பூவராகவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. புல்வெளியில் நின்று, வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அதிலேயே கண்ணாக இருந்தார். இரண்டாம் மாடி மேற்கு ஜன்னலிலிருந்து லீலாவதி தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்குப் பிடரியில் தெரிந்தது. தகரப்பெட்டி தரையைத் தொட்டதும் உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் சரிந்து அவருடைய ஷூவை நனைத்தது. கயிறு பிடித்தவர்கள் சிரித்தார்கள்.

வெள்ளைக்காரன் கட்டிய சிவப்புக்கல் கட்டடம் அது. ஆளைச் சிறுக்க வைக்கும் தூண்கள், யானை நுழைகிற வாசல். அதன்மேல் நம்மவர்கள் ஜன்னலுக்கு ஒரு கூலராக மாட்டி வைத்திருந்தார்கள். பட்டாபிஷேகத்துக்குக் கிளம்பிய மகாராஜா உடம்பெல்லாம் மண்ணெண்ணெய் டின்களைக் கட்டிக்கொண்டதைப்போல இருக்கும். தொண்ணூற்றெட்டாம் வருட மே மாதத்தில், தில்லி கொதித்துக்கொண்டிருந்தபோது, பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. முகப்பு அசல் நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. குழு கூடியது வேறொரு கட்டடத்தில். அதற்குப் பாரம்பரியம் எதுவும் இல்லாததால் அங்கே ஏசி இருந்தது.

தலைவர் மாத்தூர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தூண்களைக் கன்னத்தைத் தடவுவதுபோல் தடவுவார். படிக்கட்டு மூலையில் வெற்றிலைக் கறையைப் பார்த்தால் உண்மையாகவே கண் கலங்குவார். திறப்பு விழாவன்று எடுத்த புகைப்படம் ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும். அதில் கூலர் இல்லை. பராமரிப்புப் பிரிவின் இளநிலைப் பொறியாளரான பூவராகவனுக்குப் பல வருடமாகத் தள்ளிப்போன பதவி உயர்வு இந்த முறை மாத்தூரின் ஒரு நல்ல வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"போட்டோவுல கூலர் இல்லங்கறாரு லீலா. நான் என்ன செய்யறது?" என்றார் பூவராகவன், கூலர் இறங்கிய அன்று மாலை, லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில்.

"போட்டோவுல ஆளுந்தான் இல்ல. கட்டினவன் வெயில் வந்தா மூட்டையக் கட்டிக்கிட்டு சிம்லா போயிடுவானாம். எங்க செக்‌ஷனையும் அனுப்பச் சொல்லுங்க உங்க மாத்தூர் சாப்கிட்ட. நான் ஸ்வெட்டர் எடுத்து வெச்சிக்கறேன்."

"இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும். அப்பறம் சத்தமில்லாம மாட்டிப்புடலாம்."

"நீங்க எதத்தான் சத்தத்தோட செஞ்சீங்க?"

பூவராகவன் மோர் குடித்தார். கூலர் பக்கத்து நாற்காலி அவளுக்குச் சும்மா வந்ததில்லை. அதில் உட்கார்ந்திருந்த சங்கரநாராயணன் ரிட்டயராகும்வரை காத்திருந்து, பணிமூப்பில் பிடித்த இடம். போதாததற்கு இந்த ஒரு வருடமாக, வெளியே வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடம்புக்குள்ளிருந்தே ஓர் அனல் கிளம்பி அவள் முகத்தில் ஏறியது. அந்த வயது. அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் தூக்கத்தில் எழுந்து அவள் வெறும் சிமெண்ட் தரையில் கன்னத்தை வைத்துப் படுப்பதை அவர் பார்த்திருக்கிறார்.

மறுநாள் வீடு திரும்பியபோது ஹால் ஜன்னலில் சதுரமாக ஓர் ஓட்டை இருந்தது. வீட்டுக் கூலரை டெம்போ பிடித்து ஆபீசுக்கு ஏற்றிப் போயிருந்தாள். "நம்ம குவார்ட்டர்ஸும் பழசுதானே? இதுக்கும் அசல் முகப்பு வந்துடுச்சு பாருங்க" என்றாள்.

ஜன்னலில் மாட்டக் கூடாது என்றுதான் உத்தரவு. அறைக்குள் வைக்கக் கூடாது என்று யாரும் எழுதவில்லை. ஆகவே லீலாவதி அதை அறையின் நடுவில் நிறுத்தி ஓட விட்டாள். வெளிக்காற்று கிடைக்காத கூலர் அறையை இட்லிப் பானையாக்கியது. ஃபைல்கள் நமுத்துத் தொங்கின. பர்மா தேக்குக் கதவு ஈரம் குடித்து உப்பி, ஒரு வாரத்தில் மூடினால் திறக்காது என்ற நிலைக்கு வந்தது. செக்‌ஷனில் எல்லோருக்கும் இது தெரியும். கதவைத் திறந்தே வைத்து ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்‌ஷன் நாளன்று குழு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. உறுப்பினர்கள் கீழேயே குளிர்பானத்தோடு தங்கிவிட்டார்கள். மாத்தூர் மட்டும் கோட்டும் டையுமாக மாடியேறி வந்து, லீலாவதி தனியாக இருந்த அறைக்குள் போனார். சுண்ணாம்புப் பூச்சுக்கு ஈரம் ஆகாது என்று கூலரை அணைக்கச் சொன்னார். பிறகு கதவின் பின்பக்கத்தில் பழைய பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று மின்னுவது அவர் கண்ணில் பட்டது. முழுசாகப் பார்க்கும் ஆசையில், காலால் செங்கல்லை ஒதுக்கிவிட்டு, இரண்டு கையாலும் கதவை அழுத்தி மூடினார்.

தாழ்வாரத்தில் நின்றிருந்த பூவராகவன் ஓடி வந்து தள்ளினார். சேவகர் தள்ளினார். தச்சர் கடப்பாரையோடு வந்து நெம்புவதற்கு இடம் பார்த்தபோது உள்ளேயிருந்து மாத்தூர் அலறினார்: "கபர்தார்! அசல் தேக்கு! ஒரு கீறல் விழக்கூடாது!" மரம் உலர்ந்தால் தானாக விடும், காத்திருப்போம் என்று அவரே முடிவும் சொன்னார். மேற்கு வெயில் அப்போதுதான் அந்த அறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தச்சர் கடப்பாரையைப் பூவராகவன் கையில் கொடுத்துவிட்டு பீடி பிடிக்கப் போனார்.

நேரம் போயிற்று. உள்ளே பேச்சு குறைந்தது. பூவராகவன் கதவிடுக்கில் வாயை வைத்தார்.

"லீலா, மூடாதீங்கன்னு நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அவரு கேக்கலியே."

"இப்ப எப்டி இருக்காரு?"

"கோட்டக் கழட்டிட்டாரு. ஷூவும் கழட்டியாச்சு. என் நாற்காலியில உக்கார வெச்சு தலையில ஈரத்துண்டு போட்டிருக்கேன். பாவமாத்தான் இருக்கு."

"உனக்கு?"

"எனக்குப் பழக்கந்தானே."

பூவராகவன் கடப்பாரையை இறுக்கிப் பிடித்தார். "லீலா, தள்ளி நில்லு. உடச்சிடறேன். பிரமோஷன் போனாப் போவுது."

கதவுக்கு மிக அருகில் அவள் குரல் கேட்டது. அவரிடம் அவள் அப்படி மெதுவாகப் பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

"வேணாங்க. செத்த நேரம் போவட்டும். இப்பத்தான் கூலர் இருந்த ஜன்னலப் பாக்க ஆரம்பிச்சிருக்காரு."

"கியா கெஹ் ரஹே ஹைன்?" என்று மாத்தூர் சோர்ந்த குரலில், வெளியே என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

"கோஷிஷ் கர் ரஹே ஹைன், சாப்" என்றாள் லீலாவதி. முயற்சி செய்துகொண்டிருக்கிறாராம்.

பூவராகவன் குனிந்து சாவித்துவாரத்தில் கண்ணை வைத்தார். வெளிச்சத்தில் கண் கூசியது. ஈரத்துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு, மாத்தூர் ஜன்னலுக்கு வெளியே இடுப்புவரை எட்டிக்கொண்டிருந்தார். அவர் விழுந்துவிடாமல் லீலாவதி அவருடைய பெல்ட்டைப் பிடித்திருந்தாள். கூலரின் இரும்புச் சட்டத்தைக் கழற்றிய இடத்தில் சிவப்புக் கல்லில் ஒரு துளை இருந்தது. அதற்குள் சுட்டுவிரலை விட்டு, எவ்வளவு ஆழம் போகிறது என்று அவர் மெல்லத் துழாவிக்கொண்டிருந்தார்.